சூடு தெரியாமல் போன சேவற்பாளையம்

கோழிப்பண்ணை வாடையை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு வழி கண்டுபிடித்துவிடக்கூடிய எங்கள் சேவற்பாளையத்தில், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முட்டைப் பொரிப்பகத்துக் கம்ப்யூட்டருக்கு, அங்கே வேலை பார்க்கும் கோகிலவாணி புதிய கெர்னலைப் போட்டு, அதை அணைத்து மறுபடி எழுப்பிய அந்த நேரத்திலேயே, ஊருக்குச் சூடு தெரியாமல் போனது. சூடு போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பு எரிந்தது, பால் பொங்கியது, வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளந்தது. எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். டீக்கடை ராசப்பன் கொதிக்கிற பாய்லரில் முழங்கையைச் சாய்த்துக்கொண்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தார், வாடை வந்த பிறகுதான், "யாருங்க அது, காலங்காத்தால கறி வாட்டறது?" என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

ஒரு கம்ப்யூட்டருக்கும் ஊரின் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். எங்களில் யாரும் கேட்கவில்லை. முட்டையை அடைகாக்கும் வேலையைக் கோழியிடமிருந்து பிடுங்கி இயந்திரத்துக்குக் கொடுத்த நாளிலிருந்து ஊரே அந்தக் கதகதப்பில்தான் பிழைத்தது. பொரிப்பகத்தின் வாசலில் அடைகாக்கும் அறையின் வெப்பத்தைக் காட்டும் சிவப்பு எழுத்துப் பலகை ஒன்று இருந்தது, அதைப் பார்க்காமல் யாரும் பஸ் ஏறியதில்லை, பெண் பார்க்கப் போனதில்லை, ஓட்டுப் போடப் போனதில்லை. பலகைக்குக் கணக்குச் சொன்னது அந்தக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர்கள் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு சின்ன சில்லு வைத்திருக்கும். முன்பு இங்கே வேலை பார்த்த தண்டபாணி, தனிக் கருவி வாங்கச் சோம்பல்பட்டு, அடைகாக்கும் அறையின் வெப்ப உணரிகளை அந்தச் சில்லின் காலி முனைகளிலேயே சொருகிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அது பாட்டுக்கு ஓடியது. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளோடும் பேசி வேலை வாங்குகிற மேஸ்திரி. பழைய மேஸ்திரிக்கு அந்தச் சில்லோடு பேச்சுவார்த்தை இருந்தது. புதியவனுக்கு இல்லை. வாசல் பலகையில் எண்கள் போய் இரண்டு கோடுகள் மட்டும் நின்றன.

அன்றைக்கே ஊரிலிருந்த எல்லா வெப்பமானிகளும் வேலையை விட்டன. பாதரசம் வைத்தது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பேட்டரி போட்டது அதே இரண்டு கோடுகளைக் காட்டியது. எங்கள் ஊர்க்காரன் எங்கே போனாலும் இது கூடவே போனது. சத்தீஸ்கரில் போர்வெல் லாரியில் இருந்த கோகிலவாணியின் புருஷன் போன் பண்ணி, மத்தியான வெயிலில் கிடந்த ஸ்பேனரைக் கையில் எடுத்ததாகவும், கீழே வைத்தபோது உள்ளங்கைத் தோல் ஸ்பேனரோடு போய்விட்டதாகவும், வலியே இல்லை என்றும் யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னான்.

முதல் சில நாட்கள் கலவரமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எங்களுக்குப் பழகாதது என்று ஒன்று இல்லை. தண்ணீர் வராத குழாய்க்குப் பழகினோம், டாக்டர் வராத ஆஸ்பத்திரிக்குப் பழகினோம், இதற்கா பழக மாட்டோம். ராசப்பன் ஒவ்வொரு டீயிலும் ஒரு துளி தேங்காய் எண்ணெயை விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்த்துக் கொடுத்தார், நாங்கள் எண்ணெய் மிதக்கும் டீயைக் குடித்துவிட்டு நாக்கு உரிந்துபோய் அடுத்த டீ சொன்னோம். குளிக்கிற தண்ணீரில் மெழுகுவர்த்தியை முக்கிப் பார்த்தோம். வடை சுடுகிறவர்கள் எண்ணெய்க்குள் வெறும் கையை விட்டு வடையைத் திருப்பினார்கள், வியாபாரம் சுறுசுறுப்பாக நடந்தது. பொரிப்பகத்தில் ஒரு தட்டு முட்டை வெந்தே போனது. முதலாளி நாச்சிமுத்து அதை வீணாக்க மனமில்லாமல் வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினார், உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிட்டோம். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்து, "சூடு சொரணை இல்லாத பயலுக" என்றார்கள். அது எங்களுக்குப் புதிதல்ல, முன்னாலேயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனியில் மாரியம்மன் கோயில் குண்டம் வந்தது. நெருப்பில் இறங்குகிறேன் என்று வருஷா வருஷம் வேண்டிக்கொண்டு, வருஷா வருஷம் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் இந்த வருஷம் காப்புக் கட்டிக்கொண்டார்கள். இது கெர்னல் போட்டதால் வந்த கோளாறு அல்ல, ஆத்தா கொடுத்த வரம் என்று நாச்சிமுத்து கோயில் மைக்கிலேயே சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் அவருடைய துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும், அவர் வெளியூர் போயிருந்தாலும் கிடக்கும். கடையில் நிற்க இடமில்லாமல் ஜனங்கள் சாக்கடை ஓரம் நின்று டீ குடித்தாலும் அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. கல்யாண மண்டபமோ பஸ்ஸோ பஞ்சாயத்துக் கூட்டமோ, ஒருவர் துண்டு போட்ட இடம் அவருடையது என்பதை எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழக முடியாதவள் கோகிலவாணி ஒருத்திதான். அவளுடைய மகள் மகிழினிக்கு நான்கு வயது. காய்ச்சல் ஏறினால் அந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும். போன வருஷம் ஒரு தடவை வந்து, கண் செருகி, உதடு நீலமாகி, உயிர் போய்த் திரும்பியது போலத் திரும்பியது. "ஏறவே விடக்கூடாதும்மா. ஏற ஆரம்பிக்கிறப்பவே மருந்து கொடுத்து, ஈரத்துணி போட்டு எறக்கிடணும். இன்னொரு தடவை பெருசா வந்தா நான் பொறுப்பு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவளுடைய வலதுகை தூக்கத்திலும் குழந்தையின் நெற்றியில்தான் கிடக்கும், லேசாகக் கதகதப்புத் தட்டினாலே விழித்துக்கொள்வாள். இப்போது அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தொட்டாலும் பிள்ளையைத் தொட்டாலும் ஒன்றாக இருந்தது. பயத்தில் அவள் நெற்றியில் வெண்ணெய் வைத்துப் பார்த்தாள், மெழுகு வைத்துப் பார்த்தாள். வெண்ணெய் எப்போதும் உருகியது, மெழுகு எப்போதும் உருகவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ காய்ச்சல் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், அதற்கும் டாக்டர், இப்படிக் கணக்கில்லாமல் கொடுத்தால் ஈரல் போய்விடும் என்று திட்டினார்.

அதனால் அவள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றாள். குழந்தையைப் பாய் போட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, உணரிகள் எங்கே என்று கேட்டாள். ஒன்றுமே அகப்படவில்லை என்றது. சில்லோடு பேசும் நிரலை ஏவினாள். அப்படி ஒரு சாதனமே இல்லை என்று திரும்பி வந்தது. சாதனம் அங்கேதான் இருக்கிறது, மூடியைக் கழற்றி விரலால் தொட்டே பார்த்தாள். பழைய கெர்னலுக்கே போய்விடலாம் என்று தேடினால், புதியதற்கு இடம் போதவில்லை என்று அவளே தன் கையால் அதை அழித்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி அதை இறக்கிப் போட்டுப் பார்த்தாள், அப்போதும் இரண்டு கோடுகள்தான். சில்லின் கதவைத் திறக்கத் தண்டபாணி ஏதோ ஒரு சொல்லைக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது படிக்கிற வரியின் கடைசியில் கையால் எழுதி வைத்திருந்தான், புதிய கெர்னல் வந்தபோது அந்த வரியைப் புதிதாக எழுதிக்கொண்டது, அவன் சொல் போய்விட்டது. அது என்ன சொல் என்று அவனுக்குத்தான் தெரியும். அவன் நம்பர் உபயோகத்தில் இல்லை.

கம்ப்யூட்டர் எழும்போது உதிர்க்கும் நூற்றுக்கணக்கான வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரே ஒரு வரிதான் ஏதோ சொன்னது. அந்தச் சில்லு இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த நிரல் ஒன்று ஏற்கெனவே தன் பேரில் குறித்து வைத்திருக்கிறது, ஆகையால் நான் அங்கே போகவில்லை என்றது கெர்னல். அவள் அதையும் விடவில்லை, இணையத்தில் தேடி விசாரித்தாள். இப்படிக் குறித்து வைத்ததைப் பொருட்படுத்தாதே என்று கெர்னலுக்குச் சொல்ல ஒரு சொல் உண்டு என்றும், ஆனால் அது ஆபத்து, இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் இயந்திரமே நின்றுபோகும் என்றும் எழுதியிருந்தது. கோகிலவாணி பிறர் இடத்தில் கை வைக்கிறவள் அல்ல. ரேஷன் கடை வரிசையில்கூட இடித்தவர்களுக்கு வழிவிட்டு நிற்பவள். இயந்திரம் நின்றால் அடைகாக்கும் அறையில் இருக்கும் முட்டையெல்லாம் போகும், முதலாளி சொத்து, நமக்கெதற்கு என்று அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டாள்.

குண்டத்தன்று விடிந்ததும் மகிழினி எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உதடு காய்ந்திருந்தது. "பாப்பா, என்ற சாமி, அம்மாவப் பாரு கண்ணு, சுடுதா? உனக்குச் சுடுதா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

விடியற்காலையிலேயே சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற வெளியூர்க் கூட்டம் பஸ்ஸில் பிதுங்கியது. நடுவில் இரண்டு பேர் உட்காரும் சீட்டு ஒன்று காலியாக இருந்தது, அதில் ஒரு பச்சைக் கரைத் துண்டு நீளமாகக் கிடந்தது. அதைச் சுற்றிப் பஸ் கூட்டமே நின்றது. கிழவிகள் நின்றார்கள், நிறைமாதக்காரி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கோகிலவாணி பிள்ளையோடு நின்றாள். துண்டுக்காரர் டீ குடிக்க இறங்கியிருப்பார், வந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். பஸ் கிளம்பியது. வரவில்லை. ஊர் எல்லையைத் தாண்டியது, ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது, ஓடுகிற பஸ்ஸில் அவர் இனி எப்படி ஏறுவார் என்று யாரும் யோசிக்கவில்லை, டவுனில் மாலை வாங்கிக்கொண்டு குண்டத்துக்குத் திரும்பலாம் என்று ஏறிய நானும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு ஆள் வேறு பஸ்ஸில் போயே போய்விட்டார்.

மகிழினியின் தலை தோளிலிருந்து சரிந்தது. கோகிலவாணி அந்தத் துண்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. துண்டு மட்டும்தான் இருந்தது. அவள் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனம்மிணி, துண்டு போட்ட எடமல்லொ" என்றார் ஒருவர்.

"துண்டு போட்டவரு எங்கீங்க? காட்டுங்க, எந்திரிச்சுக்கறேன்" என்றாள் கோகிலவாணி.

நிறைமாதக்காரியும் மெதுவாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்ட கோகிலவாணி, எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று, "அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயும் ஒருத்தருமில்ல, துண்டுதான் கெடக்குது" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிள்ளையின் கவலையில் மூளை கலங்கிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெற்றியில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எங்கள் ஊர்ப் பிள்ளையின் உடம்பு அவர் கைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கருவியில் இரண்டு கோடுகள். ரத்தம் எடுத்துக்கொண்டு, "ரிசல்ட் சாயங்காலம் வரும், அதுவரைக்கும் நான் எதை நம்பி என்ன கொடுக்கிறது? வெளியே உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பொரிப்பகத்துக்கே திரும்பிவிட்டாள்.

ஊரே கோயிலில் இருந்தது. பம்பைச் சத்தம் பொரிப்பகத்துச் சுவரில் மோதியது. கோகிலவாணி பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தாள், எழுப்பினாள், அது எழுந்திருக்கும்போது நிறுத்திப் பிடித்து, அந்த வரியின் கடைசிக்குப் போய், ஒதுக்கி வைத்திருந்த சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அவள் வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் கட்டியிருந்தது. எந்தச் சட்டியைத் தொட்டபோது வந்தது என்று அவளுக்கே தெரியாது. அதைப் பார்த்ததும் கை நின்றது. இந்தக் கொப்புளத்தின் வலி எங்கேயும் போகவில்லை, எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது, கதவைத் திறந்தால் உள்ளே வரும் என்று அவளுக்குப் புரிந்தது. ஊரில் எல்லோருடையதும் வரும்.

வாசலில் நாச்சிமுத்து நின்றார். ஆட்டோ உள்ளே போனதைப் பார்த்துக் கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் துண்டு. குண்டத்தில் அவர்தான் முதலில் இறங்கியவர். வெள்ளை டைல்ஸ் தரையில் அவர் நடந்து வந்த தடம் ஈரமாகச் சிவந்திருந்தது, ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன அம்மிணி பண்றே?"

"சரி பண்றனுங்க, மொதலாளி."

சிரிப்பு நின்றது. "வேண்டாம். அங்க ஆயிரம் பேரு எறங்கியிருக்கறாங்க. இன்னும் எறங்கீட்டு இருக்கறாங்க. இப்பத் திருப்புனீன்னா என்னாகும், ரோசனை பண்ணுனியா?"

"பண்ணுனனுங்க. உங்க காலப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, பயம். "அதுக்குத்தான் சொல்றேன் அம்மிணி. இது இப்பிடியே இருந்துட்டுப் போகட்டும். எல்லாரும் பழகிட்டாங்க. உம்பட புள்ளைக்கு எவ்வளவு செலவானாலும் நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து விசைப்பலகையின் மேல் போட்டார். "இது கெடக்கற வரைக்கும் ஆரும் தொடக் கூடாது."

எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. அவரும் அதோடு முடிந்தது என்றுதான் திரும்பினார். அப்போது மடியில் கிடந்த மகிழினியின் வலது கை இழுத்தது. ஒரு தடவை. பிறகு கால். கண் மேலே செருக ஆரம்பித்தது. கோகிலவாணி நாச்சிமுத்துவின் துண்டை இரண்டு விரலால் தூக்கித் தரையில் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

வரிகள் ஓடின. அந்த இடம் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது கெர்னல், இருந்தாலும் போகிறேன் என்றது. போனது. அங்கே யாரும் இல்லை. வாசல் பலகையில் சிவப்பு எழுத்தில் வெப்பம் எரிந்தது.

கோயில் பக்கமிருந்து வந்த சத்தத்தை நான் வேறு எதற்கும் ஒப்பிட மாட்டேன். ஆயிரம் பேர் ஒரே மூச்சில் கத்தினார்கள், பம்பை நின்றது. நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே விழுந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். ராசப்பனின் முழங்கை, எங்கள் நாக்குகள், வடைக்காரர்களின் விரல்கள், சத்தீஸ்கரில் ஒரு உள்ளங்கை, ஒரு மாதத்துச் சூடு மொத்தமும் வீடு திரும்பியது. கோகிலவாணிக்கும் வந்தது. வலது கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். கொப்புளத்தின் எரிச்சலில் அந்தக் கைக்கு அதன் சொந்த நெருப்பைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லையே என்று அலறினாள். பிறகு குனிந்து தன் கன்னத்தை அந்த நெற்றியோடு வைத்தாள்.

சுட்டது.

ஈரத்துணி போட்டாள், சட்டையைக் கழற்றினாள், இழுப்பு அடங்கியதும் மருந்தை இந்தத் தடவை அளந்து கொடுத்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கொலை செய்துவிடும் வெறியில் நாங்கள் வந்துகொண்டிருந்தோம், குதிகாலை ஊன்றியும் ஊன்றாமலும், சிலர் முட்டி போட்டும். அவளை அடிக்க வேண்டும் என்றுதான் வந்தோம், மறைக்கவில்லை. அவள் எங்களைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். "சுடுதுங்க! என்ற புள்ளைக்குச் சுடுதுங்க! தொட்டுப் பாருங்க!" என்றாள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சந்தோஷப்பட்ட ஒருத்தியை அன்றுதான் பார்த்தோம். முன்னால் நின்ற ராசப்பன், ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், புறங்கையைத் திருப்பிக் குழந்தையின் கழுத்தில் வைத்தார்.

"ஆமா," என்றார். "அனலாக் கொதிக்குது. தள்ளுங்கடா."

கால் இரண்டும் வெந்த ராசப்பன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார், ஒவ்வொரு உதைக்கும் ஆத்தாவை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். கோகிலவாணி பின்னால் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவியைப் பார்த்து, "நூத்தி மூணு" என்றபோது, பரீட்சையில் பிள்ளை வாங்கிய மார்க்கைக் கேட்டதுபோல அவள் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். இறங்கிவிடும், வலிப்பு ஏறாமல் பிடித்துவிட்டீர்கள் என்றார் அவர்.

எங்கள் கால்கள் ஆற ஆடி வரை ஆனது. கோகிலவாணியோடு பாதி ஊர் இன்னும் பேசுவதில்லை. பேசாதவர்களும் பிள்ளைக்கு உடம்பு கதகதத்தால் அவள் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறார்கள், அவள் கன்னத்தை வைத்துப் பார்த்துச் சொல்கிறாள். டீக்கடை பெஞ்சில் நாச்சிமுத்துவின் துண்டு அப்படியேதான் கிடக்கிறது. போன வாரம் மகிழினி அம்மாவோடு அந்தப் பக்கம் வந்தவள், அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஆவி பறக்கும் பாலை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள்.